முகாமிலிருந்து வந்த கடிதத்தில் ‘மச்சாள்’ யார்?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அவருடைய மாமா, அதாவது அம்மாவின் தம்பி, 1997இல் வன்னியில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இணைந்து பின்னர் சண்டையில் இறந்துபோனவர். பயிற்சி முகாமிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று அம்மம்மாவின் பெட்டியில் இருக்கிறது. ‘நான் சுகம், சாப்பாடு நல்லம், மச்சாள் படிக்கிறாவோ, காய்ச்சல் மாறிவிட்டதோ’ என்று இருக்கிறது. அந்த வயதில் குடும்பத்தில் மச்சாள் என்று யாருமே இல்லை. முகாமில் அவர்களுடைய நாள் எப்படிப் போனது, விரும்பியவளைப் பற்றி ஏன் நேரே எழுதமாட்டார்கள், அந்தப் பெண்ணைத் தேடலாமா என்பது கேள்வி.

அந்த மச்சாள் அநேகமாக உங்கள் மாமா விரும்பிய பெண்தான். முகாம்களிலிருந்து போன கடிதங்களில் இப்படி எத்தனையோ மச்சாள்களும் சின்னக்காக்களும் இருந்தார்கள். அந்தக் கடிதம் அம்மம்மாவின் கைக்கு வருமுன் இரண்டு பேராவது வாசித்திருப்பார்கள். இந்தப் பக்கம் முகாம் பொறுப்பாளர், அந்தப் பக்கம் உங்கள் அம்மப்பா. இரண்டு பேருக்கும் தெரியாமல் மூன்றாவது ஆளுக்குச் சேதி போகவேண்டும் என்றால் இப்படித்தான் எழுதமுடியும். உங்கள் அம்மாவுக்கு அது விளங்கியிருக்கும். அக்காமாருக்குத்தான் முதலில் விளங்கும்.

நானும் அந்த ஆண்டுகளில் வன்னியில் பயிற்சி எடுத்தவன். எந்த அணி, எந்த முகாம் என்பதெல்லாம் உங்களுக்குப் பயன்படாது, விட்டுவிடுகிறேன். ஆண்கள் முகாமைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

முதலில் காலத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளவேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியபோது, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனமெல்லாம் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது உங்களுக்குக் கதையாகத் தெரிந்திருக்கும். ஆனால் காதலர்களைப் பிரித்தது அந்த இரவு அல்ல. அன்று எல்லோரும் ஒரே றோட்டால்தான் நடந்தார்கள். பிரித்தது 1996 ஏப்ரல். இராணுவம் தென்மராட்சிக்குள்ளும் வந்தபோது ஒவ்வொரு வீட்டுத் தகப்பனும் ஒரு முடிவு எடுக்கவேண்டி வந்தது: திரும்பி ஊருக்குப் போவதா, கிளாலியால் படகேறி வன்னிக்குப் போவதா? ஒரே ரியூசனில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்து படித்த இரண்டு பேரின் அப்பாமார் வேறு வேறு முடிவு எடுத்தார்கள். அவள் இராணுவக் கட்டுப்பாட்டு யாழ்ப்பாணத்தில், இவன் ஸ்கந்தபுரத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கிடுகுக் கொட்டிலில். அப்புறம் 2002 வரை இரண்டு பேருக்கும் நடுவில் திறந்த தரைப்பாதை கிடையாது. அங்கிருந்து யாராவது வன்னிக்கு வருவதென்றால் கப்பலில் திருகோணமலை, பிறகு வவுனியா, பிறகு பயண அனுமதிக்கான பாஸ், பிறகு இரண்டு தரப்புக்கும் நடுவிலிருந்த சூனியப் பிரதேசம். 1997 மே 13இல் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியபின் அந்த வவுனியாப் பாதையும் அடிக்கடி அடைபட்டது. உங்கள் மாமா இணைந்தது அந்த வருடத்தில்.

சரி, நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

விடிவதற்கு முன்னமே விசில். பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்த காட்டுக்குள் முகாம். மேலே ‘வண்டு’ சுற்றும். ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் அது. அதற்குப் பயந்து ஒரு கிளையைக்கூடத் தேவையில்லாமல் வெட்டவிடமாட்டார்கள். காட்டுத்தடியில் கட்டிய கொட்டில், மேலே கிடுகு, படுக்க உரப்பை. விசில் ஊதி வரிசையில் நிற்பதற்குள் சாரத்தை மாற்றி, பல் தீட்டி, போகவேண்டிய இடத்துக்கும் போய்வந்திருக்கவேண்டும். பற்பசை கிடைத்தால் அதிசயம். வேப்பங்குச்சிதான். பிறகு ஓட்டம். மண்ணெண்ணெய்க்கும் பற்றறிக்கும் தடை இருந்த காலத்தில் ரோச்லைற்றை நினைத்துக்கூடப் பார்க்கமுடியாது. இருட்டில் முன்னால் ஓடுகிறவனின் மூச்சுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். பாலை வேரில் கால் தட்டி விழுந்தவனுக்குப் பின்னால் வருகிற பத்துப் பேரும் விழுவார்கள். அதற்கும் சேர்த்து எல்லோருக்கும் தண்டனை.

கொடியேற்றம், உறுதியுரை, பிறகு கஞ்சி அல்லது புட்டு. கஞ்சியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் கூடுதலாக விழுந்தால் அன்றைக்கு நல்ல நாள். காலை முழுக்கத் தடைப்பயிற்சி. கயிறு ஏறுதல், சுவர் தாண்டுதல், முள்ளுக்கம்பிக்குக் கீழே ஊர்தல், முழங்கையும் முழங்காலும் புண்ணாகிக் காய்ந்து மறுபடியும் புண்ணாதல். கையில் மரத்தில் செதுக்கிய துவக்கு. உண்மையான துவக்கு கடைசியில்தான். ஆனால் மரத்துவக்கையும் உண்மைத் துவக்கு மாதிரித்தான் வைத்திருக்கவேண்டும். குளிக்கப் போனாலும், சாப்பிடப் போனாலும், படுத்தாலும் பக்கத்தில். எங்காவது வைத்து மறந்தால் முகாமைச் சுற்றி ஓடவிடுவார்கள், அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி.

மத்தியானம் சோறும் பருப்பும் பூசணிக்காயும். வன்னியில் பூசணிக்காய்க்குப் பஞ்சமில்லை. அதனால் இன்றைக்கும் பூசணிக்காய் என்றால் எழும்பிப் போய்விடுகிற பழைய ஆட்கள் பல பேரை எனக்குத் தெரியும். சாப்பிட்டதும் அரசியல் வகுப்பு. வகுப்பெடுக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நேரத்தில் முன்வரிசை மட்டும்தான் விழித்திருக்கும். பின்வரிசையில் கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளும் கலையைப் பொடியள் முதல் வாரத்திலேயே பழகிவிடுவார்கள். பின்னேரம் ஆயுத வகுப்பு, கழற்றிப் பூட்டும் பழக்கம், மறுபடியும் ஓட்டம். மாலையில் கொடியிறக்கம். இரவில் ஜாம்போத்தல் விளக்கு, ஆள் கணக்கெடுப்பு, நித்திரை. நடுச்சாமத்தில் ஒரு ‘அலேட்’ அடித்து எல்லோரையும் எழுப்பிக் காட்டுக்குள் ஓடவிடுவதும் உண்டு.

யோசிக்க இடமே விடாத ஏற்பாடு இது. தற்செயலாக அமைந்தது அல்ல. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பொடியனுக்குச் சும்மா இருக்க நேரம் கொடுத்தால் வீட்டை நினைப்பான், வீட்டை நினைத்தால் ஓடப் பார்ப்பான் என்பது எந்த நாட்டுப் பயிற்சி ஆசிரியருக்கும் தெரிந்த விஷயம். பதினெட்டு வராத பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அவர்கள் இரவில் அம்மாவைத்தான் கேட்டு அழுதார்கள். அதை யாரும் பகிடி பண்ணமாட்டார்கள். பயிற்சி தருகிற மாஸ்ரர்மாரே பக்கத்தில் வந்து இருந்து, தன்னுடைய அம்மாவின் கதை சொல்லி ஆறுதல் படுத்துவார்கள். அம்மாவை நினைப்பதற்கு முகாமில் அனுமதி இருந்தது. இன்னும் சொன்னால் அதற்கு மரியாதையே இருந்தது. விரும்பியவளை நினைப்பதற்குத்தான் ஓர் இடம் இல்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

தடை இருந்ததா என்றால், எழுத்தில் எப்போதும் இருந்தது என்று சொல்லமுடியாது. தொடக்க காலத்தில் இயக்கத்தில் காதலும் கலியாணமும் கூடாது. 1984 ஒக்டோபர் 1இல் திருப்போரூர் முருகன் கோயிலில் பிரபாகரனும் மதிவதனியும் திருமணம் செய்தபின் அது தளர்ந்தது. பிறகு வயது எல்லை, இத்தனை வருடச் சேவை, பொறுப்பாளரின் அனுமதி என்று ஒழுங்குகள் வந்தன. இயக்கத்துக்குள்ளேயே கலியாணம் செய்த சோடிகள் வன்னியில் நிறைய இருந்தார்கள். ஆனால் இவையெல்லாம் பழைய போராளிகளுக்கு. நேற்று வந்த பயிற்சிப் பொடியனுக்கு எந்தச் சேவைக்கணக்கும் கிடையாது. அவன் காதல் என்று வாய் திறந்தால், ‘இவன் நிற்கமாட்டான்’ என்ற பெயர்தான் வரும். அந்தப் பெயர் வந்தால் கண்காணிப்பு கூடும். அதனால்தான் வாய் திறக்கமாட்டார்கள்.

முகாமுக்குள் வரும்போதே சங்கிலி, காசு, அடையாள அட்டை, படம் எல்லாவற்றையும் வாங்கி எழுதி வைத்துவிடுவார்கள். பெயரையும் மாற்றிவிடுவார்கள். எங்கள் கொட்டிலில் ஒருவன் ஒரே ஒரு கடதாசி ஒற்றையை மட்டும் தப்பவைத்திருந்தான். உயர்தரக் கணக்கியல் நோட்ஸ், நீல மையில் உருண்டை எழுத்து, கீழே ஓர் ஐந்தொகை, அதாவது வரவு செலவுச் சமன் கணக்கு (balance sheet), பாதியில் நிற்கும். பெட்டைப்பிள்ளையின் எழுத்து என்று பார்த்தவுடனேயே தெரியும். ஒருநாள் உடுப்புச் சோதனையில் அது மாஸ்ரரிடம் அகப்பட்டுவிட்டது.

“என்னடா இது?”

“படிக்கிறன் மாஸ்ரர். பிறகு சோதினை எடுக்கலாமெண்டு.”

மாஸ்ரர் அந்த ஒற்றையை மேலிருந்து கீழாக ஆறுதலாக வாசித்தார். அவரும் ஒருகாலத்தில் வர்த்தகம் படித்தவர்தான் போல. திருப்பிக் கையில் கொடுத்துக்கொண்டு சொன்னார்: “ஐந்தொகை சமப்படேல்லையே. உவவுக்குக் கணக்கு ஓடாது.” அவ்வளவுதான். தண்டனையும் இல்லை, பறிப்பும் இல்லை. அன்றிரவு கொட்டில் முழுக்கச் சிரிப்பு. சட்டம் ஒருபக்கம், சட்டத்தை நடத்துகிற மனிதன் ஒருபக்கம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இதே ஒற்றை வேறு ஒரு மாஸ்ரரிடம் அகப்பட்டிருந்தால் அடுப்புக்குப் போயிருக்கும், அவனும் ஒரு மாதம் விறகு கொத்தியிருப்பான்.

இடமே விடாத நாளிலும் சில ஓட்டைகள் இருந்தன. பெரிய ஓட்டை சென்றி, அதாவது காவல் கடமை. இரவில் இரண்டு மணித்தியாலம் தனியாக நிற்கவேண்டும். கண் காட்டைப் பார்க்கும், காது யானைக்கும் கரடிக்கும் நிற்கும், மனம் மட்டும் சும்மா இருக்கும். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் எல்லோரும் தங்கள் தங்கள் ஊருக்குப் போய்வந்தார்கள். எந்த ஒழுங்கையால் சைக்கிளில் போனால் அவள் வீட்டு வேலி வரும், எந்த மதிலடியில் நாய் நிற்கும் என்று ஒவ்வொன்றாக நடந்து பார்ப்பது. அடுத்த சென்றிக்காரன் வந்து தோளில் தட்டும்போது பாதி ஒழுங்கைதான் போயிருப்போம்.

சங்கேதச் சொல்லும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒவ்வொரு இரவும் அதை மாற்றவேண்டும். ஒருவன் கேட்பான், வருகிறவன் மறுமொழி சொல்லவேண்டும். ஒருநாள் அணித்தலைவர் ஒரு பொடியனிடம், “இண்டைக்கு நீ ஒண்டு சொல்லு” என்றார். அவன் யோசிக்காமல் “கொடிகாமம், மாம்பழம்” என்றான். இரவு முழுக்க இருட்டுக்குள் ஒருவன் “கொடிகாமம்” என்பதும் மற்றவன் “மாம்பழம்” என்பதுமாகப் போனது. அவன் கொடிகாமத்தான் அல்ல, அவனுக்கு அங்கே சொந்தக்காரரும் இல்லை. விடிவதற்குள் முகாமுக்கே விஷயம் விளங்கிவிட்டது. பயிற்சி முடியும்வரை அவனுடைய இயக்கப்பெயரை யாரும் சொல்லவில்லை, மாம்பழம்தான்.

அடுத்த ஓட்டை மலேரியா. 90களின் வன்னியில் அது வராத ஆள் இல்லை. பின்னேரம் ஆனால் குளிர் தூக்கிப்போடும், சாக்கு, சாரம், பக்கத்தில் கிடக்கிறவனின் சாரம் எல்லாவற்றையும் போர்த்தாலும் நடுக்கம் நிற்காது. பிறகு காய்ச்சல் ஏறி வாய் புலம்பும். குளோரோகுயின் குளிசையின் கசப்பு மூன்று நாள் நாக்கில் நிற்கும். பொறுப்பாளருக்குத் தெரியாமல் மறைத்த பெயர்களெல்லாம் அந்தப் புலம்பலில்தான் வெளியே வந்தன. மெடிக்ஸ் பொடியன்கள் எல்லோருடைய இரகசியமும் தெரிந்தவர்கள். அவர்களில் யாரும் அதை வெளியே விட்டதாக நான் கேள்விப்படவில்லை. உங்கள் மாமாவின் கடிதத்தில் ‘காய்ச்சல் மாறிவிட்டதோ’ என்று அவர் அவளைக் கேட்டிருப்பதை வாசித்தபோது, அவருக்கே அப்போது காய்ச்சல் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் பட்டது.

மூன்றாவது, மாரி. நம்முடைய பழைய தமிழ் இலக்கணத்தில் முல்லைத் திணை என்று ஒன்று உண்டு. காடுதான் நிலம், கார்காலம்தான் பொழுது. பாசறைக்குப் போன தலைவன் மழை தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவான், தலைவி காத்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் சூத்திரம் மாதிரிப் பாடமாக்கியது முகாமில் மழை இறங்கும்போது நினைவுக்கு வந்து சிரிப்பை உண்டாக்கும். வன்னியில் கணக்குத் தலைகீழ். மழைக்காலத்தில் விமானமும் டாங்கியும் சிரமப்படும். அதனால் பெரிய தாக்குதல்கள் அப்போதும் நடக்கும். ‘ஓயாத அலைகள் மூன்று’ என்ற இயக்கத்தின் பெரிய தாக்குதல் தொடங்கியதே 1999 நவம்பர் தொடக்கத்தில். மழை வந்தால் வீட்டுக்குப் போவது அல்ல, லைனுக்கு, சண்டை நடக்கும் முன்னரங்குக்குப் போவதுதான். அதற்குமுன் பயிற்சிக் கொட்டிலில் கிடுகு ஒழுகி உரப்பை நனைந்து, எல்லோரும் குந்தியிருந்து விடியவைப்பார்கள். அந்த நேரத்தில் பாடுகிற பொடியன் ஒருவனாவது இருப்பான். இயக்கப் பாட்டில் தொடங்கிச் சினிமாப் பாட்டில் முடியும். சினிமாப் பாட்டு வந்ததும் பொறுப்பாளர் காது கேளாதவர் மாதிரி இருந்துவிடுவார், மனம் இருந்தால்.

இனிக் கடிதம். முகாம் இருக்கும் இடத்தை எழுதக்கூடாது, அணியின் பெயர் எழுதக்கூடாது, மற்றவனின் பெயர் எழுதக்கூடாது. இதையெல்லாம் தவிர்த்தால் எழுத மிச்சம் இருப்பது ‘நான் சுகம், சாப்பாடு நல்லம்’ மட்டும்தான். அதனால்தான் அந்தக் கடிதங்கள் எல்லாம் ஒருவரே எழுதியது மாதிரி இருக்கும். வீட்டார் வன்னிக்குள் இருந்தால் ஆள்மூலம் போகும். யாழ்ப்பாணம் என்றால் கதை வேறு. செஞ்சிலுவைச் சங்கம் மூலம் பிரிந்த குடும்பங்கள் எழுதுவதற்கு ஒற்றைத் தாள் படிவம் இருந்தது. ஒட்டாமல் திறந்தபடி கொடுக்கவேண்டும், குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், அவர்களும் வாசித்துத்தான் அனுப்புவார்கள். மறுமொழி வர மாதங்கள் ஆகும். அதிலும் இயக்கத்துக்குப் போன பொடியன் தன் பெயரில் எழுதினால், அங்கே இராணுவத்துக்கு நடுவில் இருக்கிற அந்தப் பிள்ளைக்குத்தான் வில்லங்கம். அதனால் வன்னியில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி தன் ‘சிநேகிதி’க்கு எழுதுவாள். ‘அண்ணா கடை வேலைக்குப் போகிறார், நேரம் கிடைப்பதில்லை’ என்று எழுதினால் அங்கே அது விளங்கும். விளங்கியதற்கு அடையாளமாக, ‘கடை முதலாளி நல்லவரோ’ என்று மறுமொழி வரும். இதற்குமேல் அன்பை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பயிற்சி மூன்று, நான்கு மாதத்தில் முடியும். கடைசியில் வரிச்சீருடை, இலக்கத்தகடு, கழுத்தில் சயனைட் குப்பி. குப்பி கட்டிய அன்றைக்குப் பொடியள் கொஞ்சம் பெரிய ஆட்களாகிவிடுவார்கள், நடையே மாறும். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதுக் கழுத்தில் சயனைட் தொங்குவதை இப்போது, எனக்கும் பிள்ளைகள் வளர்ந்தபிறகு நினைத்தால் வயிறு பிசைகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

அந்தப் பெண்களின் பக்கத்துக்கு வருகிறேன். போராளி இறந்தால் வீட்டுக்கு ஆள் போகும், வித்துடல் என்று சொல்லப்பட்ட அவன் உடல் போகும், பெற்றோருக்கு மாவீரர் குடும்பம் என்ற மதிப்பு வரும். மனைவி இருந்தால் அவளுக்கும் ஓர் இடம் உண்டு. விரும்பியவளுக்கு ஒன்றுமில்லை. அவளிடம் போய்ச் சொல்ல யாருக்கும் பொறுப்பில்லை, ஏனென்றால் அப்படி ஒருத்தி இருப்பதே எந்தப் பதிவிலும் கிடையாது. அவளுக்கு இருந்தது வானொலி ஒன்றுதான். புலிகளின் குரல் 1990இல் தொடங்கியது. வீரச்சாவு அறிவித்தலில் முதலில் தரநிலையும் இயக்கப்பெயரும் வரும், அதற்குப்பிறகுதான் சொந்தப் பெயரும் ஊரும். இயக்கப்பெயர் அவளுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு அறிவித்தலிலும் முதல் பெயருக்கும் இரண்டாவது பெயருக்கும் இடையிலான அந்த ஒன்றிரண்டு நொடியைத் தாண்டவேண்டும். பற்றறி இல்லாத வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் சத்தத்தைக் குறைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள். அங்கே அழுவதற்கும் பயம். வீட்டாருக்குக் காரணம் சொல்லவேண்டும், இராணுவத்துக்கும் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒருத்தி தலையிடி என்று சொல்லி இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் ரியூசனுக்குப் போனாள். வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

ஆகவே, தேடலாமா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதுதான். அவருக்கு இப்போது நாற்பதுகளின் பின்பகுதி இருக்கும். கலியாணமாகிப் பிள்ளைகள் இருக்கும். அவர் அன்றைக்கே ஒளித்து அழுத விஷயத்தை இன்றைக்கு நீங்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது உங்கள் ஆசைக்குத்தான், அவருடைய நன்மைக்கு அல்ல. அம்மாவிடம் கேளுங்கள். அது வேறு விஷயம், அம்மாவுக்கும் தம்பியைப் பற்றிக் கதைக்க ஆள் வேண்டியிருக்கும்.

பெண்கள் முகாம் தனி. அங்கே காவலும் பயிற்சியும் எங்களுடையதைவிடக் குறைந்தது என்று நினைக்கவேண்டாம். மாலதி படையணி, சோதியா படையணிப் பிள்ளைகள் ஆனையிறவு வரை நின்றவர்கள். வழியில் சந்தித்தால் ‘அண்ணா’, ‘அக்கா’ என்ற இரண்டு சொல்லோடு கதை முடிந்துவிடும். ஆனாலும் விருப்பம் வரத்தான் செய்தது. அனுமதி கேட்காமல் வந்தது தெரிந்தால் ஒருவர் மன்னார்ப் பக்கம், மற்றவர் மணலாற்றுப் பக்கம். மட்டக்களப்பிலிருந்து காடு நடந்து வன்னிக்கு வந்த பொடியளின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு ஆள்மூலமும் இல்லை, படிவமும் இலேசில் இல்லை. வருடக்கணக்கில் ஒரு சேதியும் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோது தேடிக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர், அவளுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது என்ற செய்தியோடு திரும்பிவந்தார்கள். யார்மேல் குற்றம் சொல்வது? அவள் காதில் இவன் செத்துப்போய்விட்டான் என்றுகூடச் செய்தி போயிருக்கும்.

2006இல் மறுபடி சண்டை தொடங்கியபின் எல்லாம் மாறிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்கு வரவேண்டும் என்ற கட்டாயம் வந்தது, பிறகு அந்தக் கணக்கும் போய்விட்டது. கலியாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். விரும்பியவனுக்கே கிடைத்தவள் அதிர்ஷ்டக்காரி. பெரும்பாலும் பக்கத்துக் கொட்டிலில் இருக்கிற ஏதாவது ஒரு பொடியன்தான். பிறகு கலியாணம் முடித்தவர்களையும் பிடித்தார்கள். பிடிபட்ட பிள்ளைகள் ஓடினால் அடையாளம் தெரியவேண்டும் என்று தலைமயிரை ஒட்ட வெட்டினார்கள். அந்தக் கடைசிக் கால முகாம்களில் மாதக்கணக்கான பயிற்சியும் இல்லை, வாரக்கணக்குத்தான். நான் மேலே சொன்ன சிரிப்பும் சங்கேதமும் ஐந்தொகையும் அந்தப் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. விரும்பிப் போனவனின் ஏக்கமும் இழுத்துக்கொண்டு போகப்பட்டவனின் ஏக்கமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிற ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

2009 மேயில் போர் முடிந்தபிறகு, இயக்கத்தில் இருந்தவர்கள் என்று 11,000க்கும் மேற்பட்டவர்கள் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். பார்க்க வருவதற்கு உறவுமுறை சொல்லவேண்டும், அதற்குக் கடிதம் காட்டவேண்டும். விரும்பியவள் என்ற உறவுமுறை அந்தப் படிவத்திலும் இல்லை. மறுபடியும் மச்சாள்களாகத்தான் வந்தார்கள், தாயோடு சேர்ந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு. 2010 ஜூனில் வவுனியாவில் அப்படி உள்ளே இருந்த 53 சோடிகளுக்கு அரசாங்கம் ஒரே நாளில் கலியாணம் செய்துவைத்தது. மும்பையிலிருந்து ஒரு நடிகர்கூட வந்திருந்தார். விளம்பரத்துக்குச் செய்தது என்று பலர் திட்டினார்கள், அது பொய்யுமல்ல. ஆனால் அந்த 53 சோடிகளுக்குள் இயக்கக் காலத்திலேயே ஒருவரையொருவர் விரும்பிச் சேரமுடியாமல் இருந்தவர்களும் உண்டு. யார் கட்டிவைத்தால் என்ன என்று அவர்கள் கட்டிக்கொண்டார்கள். நான் அவர்களைக் குறைசொல்லமாட்டேன்.